கோப்பை வந்தால் பெருமை சொல்ல வேண்டும்

நோர்வேயில் கல்யாண விருந்தில் பெண்ணின் தகப்பன் எழுந்து பேச வேண்டும். எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. ஆனால் அவர் பேசாவிட்டால் சாப்பாடு நகராது. மணமகன், தோழிகள், கூடப் படித்தவர்கள் எல்லாரும் முன்னே பின்னே பேசலாம். தகப்பனின் பேச்சு மட்டும் முதலில் வரவேண்டும். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் தாலி கட்டுவதைக் காலையில் ஐயரோடு முடித்துவிட்டு, மாலை விருந்தை நோர்வேக்காரர் முறைப்படிதான் வைக்கிறார்கள். ஆகவே இந்த வழக்கம் எங்களுக்கும் வந்துவிட்டது.

என் கணவருக்குப் பேச்சுப் போய் இரண்டு பனிக்காலம் கடந்திருந்தபோது மகளின் கல்யாணம் நிச்சயமானது.

பேச்சுப் போனது என்பதைச் சரியாக விளக்க வேண்டும். அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பிறகு பெருமளவு திரும்பின. அறிவில் ஒரு துளி குறையவில்லை. செய்தி வாசிப்பார், சதுரங்கத்தில் என்னைத் தோற்கடிப்பார், நான் மருந்துக்கடை வேலையில் இருந்து வரப் பிந்தினால் சோற்றை வைத்துவிட்டு ஜன்னலடியில் நிற்பார். என்ன சொல்ல வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். சொல்தான் வழியில் எங்கோ நின்றுவிடும். தமிழ் ஒவ்வொரு சொல்லாக வரும். நோர்வேஜிய மொழி அப்படிக்கூட வரவில்லை. ஒஸ்லோவின் தெருக்களில் ட்ரிக் ஓட்டியவர் அவர். இங்கே ட்ராம் வண்டிக்கு அதுதான் பெயர். இருபது வருடத்துக்கு மேலாக அந்த மொழியில் நிறுத்தம் நிறுத்தமாகப் பேசிய மனிதர். ‘ஐயோ’, ‘ஓம்’, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது, இவை மட்டும் தடையில்லாமல் வரும். பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணை, லோகோபெட் என்பார்கள், நான் கேட்டேன். யோசிக்காமல் வாயில் வருகிறவை மூளையில் வேறோர் இடத்தில் இருக்கின்றன என்று சொன்னாள்.

ஆனால் அவரை வருத்தியது சொல் வராதது அல்ல, வீட்டுக்கு வருகிறவர்கள் அது வரும்வரை பொறுக்காதது. அவர் ‘தே’ என்று தொடங்கினால், தேத்தண்ணியா, தேசிக்காயா, தேவையில்லையா என்று மூன்று பேர் மூன்று சொல்லை நீட்டுவார்கள். அதில் முதல் ஆள் எப்போதும் அத்தான். அத்தான் என் கணவரின் அண்ணர். பக்கத்து நகரான திராமனில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒஸ்லோவின் பியோர்ண்டாலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏதாவது கறி சமைப்பித்துக் கொண்டு வருவார். தம்பி மேல் உயிர். “தம்பி சொல்ல வாறது என்னெண்டால்” என்று தொடங்கி, தம்பி சொல்ல வராத ஒன்றை அழகாகச் சொல்லி முடிப்பார். என் கணவர் தலையாட்டுவார். மறுத்துச் சொல்வதற்கு இன்னும் அதிகம் சொல் வேண்டும்.

கல்யாணம் ஓகஸ்ட் மாதம் என்று முடிவான அன்றே அத்தான் சொன்னார்.

“விருந்திலை பேசிறதை நான் பாக்கிறன். நீ ஒண்டுக்கும் யோசியாதை.”

என் கணவர் தலையாட்டினார். அடுத்த நாள் காலை துவாய் கொடுக்கக் குளியலறைப் பக்கம் போனேன். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவே அவருடைய குரல் கேட்டது. ஒரு வசனத்தின் தொடக்கத்தைச் சொல்கிறார், நிற்கிறார், மறுபடி அதே தொடக்கம். துவாயைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன். அவர் பேச விரும்புகிறார் என்பதும், பேசமாட்டார் என்பதும் ஒரே நேரத்தில் எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

மகள் அப்போது தாய்வானில் இருந்தாள். அவள் படிப்பது இசை. தாய்வானின் மலைகளிலும் கிழக்குக் கரையிலும் சீனர்கள் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இருந்த குடிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் புனுன் என்ற மலைக்குடியின் கூட்டுப் பாடலைப் பற்றி அவள் ஆய்வு எழுதிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையாகப் போகிறவன் ஒஸ்லோவில் அவளுக்காகக் காத்திருந்தான். அவள் எங்களைக் கூப்பிட்டாள். “வசந்தத்திலை வாங்கோ. விழா இருக்கு. அப்பாவுக்கும் ஒரு மாற்றம்.” நீண்ட பறப்பு அவருக்கு ஆகுமா என்று டாக்டரிடம் கேட்டு, மருந்துகளை நேர வித்தியாசத்துக்கு ஏற்றபடி பிரித்து அடுக்கி, நான் ஆயத்தமானேன்.

முதலில் அவள் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருப்பவர்கள் அமிஸ் குடியினர். நாங்கள் தங்கிய வீட்டில் ஒரு மனைவியும் கணவனும் இருந்தார்கள். வீடு யாருடையது என்று நான் மகள் மூலம் கேட்டேன். என்னுடையது என்றாள் அந்தப் பெண். என் தாயிடம் இருந்து எனக்கு, என்னிடம் இருந்து என் மகளுக்கு. இவர் வந்து சேர்ந்தவர் என்று கணவனைக் காட்டினாள். அவர் மீன் கழுவிக்கொண்டே பல்லைக் காட்டிச் சிரித்தார். பழைய நாளில் அமிஸ் ஆண் மனைவி வீட்டுக்கு வரும்போது ஒரு கத்தியும் உடுத்த துணியும் கொண்டுவந்தால் போதுமாம். என் கணவர் அந்த ஆளைச் சுட்டிக் காட்டினார். பிறகு தன்னைச் சுட்டிக் காட்டினார். யாழ்ப்பாணத்தில் சீதன வீட்டுக்கு வந்து சேர்ந்த மாப்பிள்ளை அவரும்தான். அந்த மனிதருக்கு இது உடனே விளங்கி, ஈரக் கையோடு வந்து என் கணவரின் தோளைத் தட்டினார்.

அன்று மீன் குழம்பு வைத்தது அந்த மனிதர்தான். சட்டி இல்லை. கமுகமட்டையைப் பெட்டி போல மடித்துக் குச்சியால் குத்தி, அதில் தண்ணீரும் மீனும் கீரையும் இட்டார். ஆற்றுக் கற்களை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, இடுக்கியால் ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். தண்ணீர் பெரும் சத்தத்தோடு கொதித்தது. மட்டை எரியவில்லை. கமுகமட்டையை நாங்கள் சோறு கட்டவும் விசிறவும் பயன்படுத்தியிருக்கிறோம். அதில் உலை வைக்கலாம் என்று எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலையும் பாக்கும் வந்தன. அந்தத் தட்டத்தைப் பார்த்ததும் நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம்.

அங்கே ஐந்துக்கு லீமா. என் பெரியப்பா மலாயாவில் ரயில்வேயில் இருந்து பென்ஷனோடு வந்தவர். எங்களுக்குத் தோடம்பழச் சுளையை மலாய் மொழியில் எண்ணிப் பிரித்துத் தருவார். அவருடைய ஐந்தும் லீமாதான். இந்த மொழிகளெல்லாம் உறவு என்று மகள் சொன்னாள். தாய்வானில் இருந்து தெற்கே இறங்கி, மேற்கே மடகஸ்கார் வரைக்கும் கிழக்கே பசிபிக் கடலின் கடைசித் தீவு வரைக்கும் ஓடத்தில் போன மக்கள். நான் பெரியப்பாவை நினைத்துக்கொண்டிருக்க, என் கணவர் அந்த வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து விரல் மடக்கி அமிஸ் மொழியில் பத்து வரைக்கும் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணுவது அவருக்கு எந்த மொழியிலும் வருகிறது என்பதைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு மலை. பாதை ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். எதிரே கோவா, முட்டைக்கோசு, ஏற்றிய லொறி வந்தால் எங்கள் கார் பின்னால் போக வேண்டும். புனுன் ஊர் மேகத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. சரிவில் தினைக் கொல்லை. கதிர்கள் பாதி முற்றித் தலை வளைந்து நின்றன. தினை என்ற சொல்லை வள்ளி கதையில் படித்து வளர்ந்தவள் நான். வளரும் தினையை அன்றுதான் முதல் முறையாகக் கண்டேன். அதைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுத் தொட்டேன். பூனை வால் போல இருந்தது.

அவர்களுடைய வாழ்க்கை தினையைச் சுற்றி அடுக்கப்பட்டது. எப்போது விதைப்பது, எப்போது களை எடுப்பது, எந்த நாளில் வேலை செய்யக் கூடாது என்பதைப் பழைய நாளில் மரப்பலகையில் அடையாளமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதன் பிரதி ஒன்று ஊர் மண்டபத்தில் தொங்கியது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கீறல். விசேஷ நாளுக்குக் கீறலின் மேல் ஒரு வடிவம். எனக்கு அதன் முன்னால் இருந்து நகர மனமில்லை. மகள்தான் இழுத்துப் போனாள்.

வேட்டைக்குப் புறப்படும்போது யாராவது தும்மினால் அன்றைக்குப் போகமாட்டார்களாம். இதைக் கேட்ட மகள் ஆய்வுக்குரிய முகத்தோடு குறிப்பெடுத்தாள். இதில் என்ன புதினம் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டிலும் புறப்படும் நேரம் ஒற்றைத் தும்மல் விழுந்தால் திரும்பி உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவோம். தினைக்காகப் பாடும் பாட்டு ஒன்று இருக்கிறது. ஆண்கள் வட்டமாக நின்று, கைகளை ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் கோத்து, குரலை மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டே போவார்கள். அந்த வருடத்தில் வீட்டில் சாவு கண்டவர் அதில் நிற்கக் கூடாது. எங்கள் துடக்கு, சாவுத் தீட்டு, என்றேன் நான். நோர்வேஜிய மொழியில் இதை விளக்கத் தன் பேராசிரியருக்கு மூன்று பக்கம் எழுதினேன் என்றாள் மகள்.

விழா நாள் வந்தது. மான் காதைக் கட்டி வைத்து அம்பு எய்கிற விழா. காலையில் அது முடிந்து, இறைச்சி பங்கிட்டு, பிறகு ஆண்கள் வட்டமாகக் குந்தினார்கள். பெண்கள் அவர்களுக்குப் பின்னால் நின்றோம். இதுதான் பெருமை சொல்லும் சடங்கு என்று மகள் என் காதில் சொன்னாள். கோப்பை கைக்கு வந்தவர் தன் பெருமையைச் சொல்ல வேண்டும். நீட்டி அல்ல, துண்டு துண்டாக. ஒவ்வொரு துண்டையும் வட்டம் முழுவதும் அப்படியே திருப்பிச் சத்தமாகச் சொல்லும். கடைசியில் தன் தாய் எந்தக் குடும்பத்துப் பெண் என்பதையும் சொல்ல வேண்டும். பொய் கூடாது. ஒருவர் பொய் சொன்னால், திருப்பிச் சொன்ன எல்லாரும் பொய்யர் ஆகிவிடுவார்கள்.

நாங்கள் பெருமை சொல்கிற ஆட்கள் இல்லை. பிள்ளை சோதனையில் முதலாவதாக வந்தால் “ஏதோ பாஸ் பண்ணிப்போட்டாள்” என்றுதான் சொல்லுவோம். இல்லாவிட்டால் நாவூறு படும். அதற்குப் பிறகு செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நெருப்பில் போட வேண்டும். வந்து சேர்ந்த நாட்டிலோ, தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னவனை மதிய இடைவேளையில் ஒருவரும் பக்கத்தில் இருத்தமாட்டார்கள். இந்த இரண்டு அடக்கத்துக்கும் நடுவில் என் கணவர் தன்னைப் பற்றி எதுவுமே சொல்லாமல் ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர். பேச்சு இருந்த நாளிலும்.

வட்டத்தை நடத்தியவர் கோவா லொறி ஓட்டுகிறவர், ஏறக்குறைய என் கணவரின் வயது. அவர் வந்து என் கணவரைக் கூப்பிட்டார். மகள் குறுக்கே போய், அப்பாவால் பேச முடியாது என்று விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டார். இங்கே ஒருவரும் நீளமாகப் பேசுவதில்லை, மிச்சத்தை நாங்கள் சொல்லுவோம் என்றாராம். மகள் தகப்பனைப் பார்த்தாள்.

“அப்பா, விருப்பமில்லையெண்டால் வேண்டாம்.”

அவர் அதற்குள் வட்டத்துக்குப் போய்விட்டார். கால் குந்த விடாது என்று ஒரு முக்காலி வைத்துக் கொடுத்தார்கள்.

கோப்பை சுற்றியது. முதல் ஆள் காட்டுக்குப் போனேன் என்றார். காட்டுக்குப் போனேன் என்று வட்டம் முழங்கியது. பன்றி கொன்றேன். பன்றி கொன்றேன். பள்ளத்தில் இருந்து சுமந்து வந்தேன். சுமந்து வந்தேன். ஒவ்வொரு முழக்கத்துக்கும் எங்கள் வரிசையில் நின்ற பெண்கள் துள்ளினார்கள். நானும் துள்ள வேண்டியிருந்தது. எல்லாரும் வேட்டைக்காரர் இல்லை. ஒருவர் தன் மகளைத் தாதியாகப் படிப்பித்ததைச் சொன்னார். லொறிக்காரர் புயலடித்த நாளில் மலை இறங்கியதையும், ஒரு கோவாகூட உருளவில்லை என்பதையும் சொன்னார். அவருக்குத்தான் அதுவரைக்கும் பெரிய முழக்கம்.

கோப்பை என் கணவரிடம் வந்தது. ஒரு மிடறு தினைக் கள் அவருடைய மருந்துகளோடு ஒத்துப்போகும் என்று முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன். நான் எதிர்பாராதது வேறு. பலர் வாய் வைத்த பாத்திரம் கையில் வந்தால் எங்கள் ஆட்களின் கை தானாக என்ன செய்யுமோ அதை அவருடைய கையும் செய்தது. தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல், மேலே இருந்து ஊற்றினார். நோய்க்கு முன் அது அவருக்கு நன்றாக வரும். இப்போது வாயின் வலது மூலை முழுதாக மூடுவதில்லை. கள் தாடையால் இறங்கிச் சட்டையெல்லாம் ஓடியது.

“ஐயோ,” என்றார் அவர்.

“ஐயோ!” என்று வட்டம் முழுவதும் முழங்கியது.

கோப்பை கையில் இருப்பவர் சொன்னால் திருப்பிச் சொல்ல வேண்டும்; அவர்கள் சொன்னார்கள். எங்கள் வரிசைப் பெண்களும் ஐயோ என்று துள்ளினார்கள். நான் துள்ளவில்லை. என் கணவர் கோப்பையோடு சுற்றிப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த துண்டுக்காகக் காத்திருந்தார்கள். பிறகு அவரே சிரிக்கத் தொடங்கினார். அதன் பின்தான் அவர்களும் சிரித்தார்கள். லொறிக்காரர் கையைச் சுழற்றி, மேலே சொல்லு என்று காட்டினார்.

“நான்,” என்றார்.

“நான்!”

“ட்ரிக்.”

“ட்ரிக்!”

அங்கே நின்று நிதானித்தார். பேச்சுப் போன பிறகு, அவர் நிதானிக்கும்போது யாராவது ஒருவர் சொல்லை நீட்டாமல் இருந்ததை நான் கண்டதில்லை. இவர்களுக்கு நீட்ட வழியில்லை, தமிழ் தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருக்க மாட்டார்கள் என்று பிறகு மகள் சொன்னாள். கோப்பை ஒருவர் கையில் இருக்கும்போது சொல் அவருடையது.

“பனியிலை... ஓட்டினன்.”

“பனியிலை ஓட்டினன்!”

“ஒருத்தரையும்... இடிக்கேல்லை.”

இதைத் திருப்பிச் சொல்ல அவர்கள் கொஞ்சம் தடுமாறினார்கள். மகள் என் பக்கத்தில் இருந்து புனுன் மொழியில் பொருளைக் கத்தினாள். லொறிக்காரர் எழும்பிவிட்டார். இருபது வருடமாக, பனி உறைந்த தெருவில், ஒருவரையும் இடிக்காமல் வண்டி ஓட்டுவது என்ன என்று மலைப்பாதையில் லொறி ஓட்டுகிறவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தன் நெஞ்சில் அடித்து அந்தத் துண்டை மறுபடி சொல்லச் சொன்னார். என் கணவர் சொன்னார். இந்த முறை தடையே இல்லை. கடைசியில் தாய் யார் என்று கேட்டார்கள். “அம்மா, கரவெட்டி,” என்றார். கரவெட்டி என்று மலை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்கள். நான் துள்ளினேன், எத்தனை முறை என்று தெரியாது.

புறப்படுவதற்கு முன் மகள் லொறிக்காரரிடம் போய் ஒரு அனுமதி கேட்டாள். தன் கல்யாண விருந்தில் தகப்பன் இந்த மாதிரிப் பேசலாமா, உங்களுடையதை எடுத்ததாகுமா என்று. அவர் யோசித்தார். வேட்டைப் பெருமை வேண்டாம், அது எங்களுடையது. மற்றதுக்குப் பொய் சொல்லாமல் இருந்தால் சரி, தாயை விடாமல் சொன்னால் சரி; யாரிடம் கற்றீர்கள் என்பதையும் சொல்லிவிடு என்றாராம்.

ஒஸ்லோவுக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அத்தான் பேச்சை எழுதிக்கொண்டு வந்தார். நல்ல பேச்சு. இரண்டு திருக்குறள் இருந்தன. வாசித்து முடித்ததும் என் கணவர் அவருடைய கையைப் பிடித்து, “நான்,” என்றார். “நான்... பேசிறன்.” அத்தான் என்னைப் பார்த்தார். எங்களோடு திரும்பியிருந்த மகள் ஒழுங்கை விளக்கினாள். அவருக்குப் பிடிக்கவில்லை. சபையில் தம்பி நின்று தடுமாறுவதைப் பார்க்கத் தன்னால் ஏலாது என்றார். ட்ரிக் ஆட்கள், மட்டக்களப்புச் சம்பந்தி வீட்டார், எல்லாருக்கும் முன்னால். கோபத்தில் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. என்றாலும் தன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று.

எனக்கும் பயம் இருந்தது. அது வேறு பயம். நோர்வேக்காரர் வாயைத் திறக்கமாட்டார்கள், எங்கள் ஆட்கள் நேரத்துக்கு முன்பே திறந்துவிடுவார்கள் என்பது.

ஓகஸ்ட் வந்தது. விருந்து மண்டபம் ஸ்ட்ரோம்மன் என்ற ஊருக்குப் பக்கத்தில். விருந்தை நடத்தியவள் மகளின் நோர்வேஜியத் தோழி. புனுன் மக்கள் யார், அவர்கள் மலை எங்கே இருக்கிறது, பெருமை சொல்லும் ஒழுங்கு என்ன என்பதை அவள் இரண்டு நிமிடத்தில் தெளிவாகச் சொன்னாள். தகப்பன் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள், ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்றாள். மாப்பிள்ளை ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு நோர்வேஜிய மொழியில் பொருள் சொல்வதாக ஏற்பாடு. என் கணவர் எழுந்தார். வலது கை மேசையைப் பிடித்திருந்தது.

சொல் வரவில்லை.

அவருடைய கழுத்து நரம்பைப் பார்த்து, எங்கோ நிற்கிறது, வரும் என்று எனக்குத் தெரிந்தது. அத்தானால் தாங்க முடியவில்லை. பாதி எழும்பி, “தம்பி சொல்ல வாறது என்னெண்டால்,” என்று தொடங்கிவிட்டார். கை பைக்குள் போய்விட்டது. பக்கத்தில் இருந்த சம்பந்தி அவருடைய முழங்கையைப் பிடித்தார். “பொறுங்க கா. அவர்ர வாயால வரட்டும்.”

என் கணவர் அண்ணனை நேராகப் பார்த்தார்.

“அண்ணா,” என்றார்.

சொல்லி வைத்தபடி மண்டபம் முழுவதும் திருப்பிச் சொன்னது. “அண்ணா!”

“இருங்கோ.”

“இருங்கோ!” ட்ரிக் ஓட்டுகிற நோர்வேக்காரர், என் மருந்துக்கடைப் பெண்கள், சின்னப் பிள்ளைகள், எல்லாரும் அத்தானைப் பார்த்துச் சொன்னார்கள். மாப்பிள்ளை கடமை தவறாமல் அதையும் மொழிபெயர்த்தான். அத்தான் இருந்துவிட்டார். அதன் பிறகு வந்த சிரிப்பில் மண்டபத்தின் இறுக்கமெல்லாம் போய்விட்டது.

“என்ரை மகள்.”

“என்ரை மகள்!”

அவர் திரும்பி, தன்னோடு வேலை செய்தவர்கள் இருந்த மேசையைப் பார்த்தார். “மின் டத்தர்,” என்றார். மகளை நோர்வேஜிய மொழியில் சொன்னார். பேச்சுப் போன நாளில் இருந்து, ட்ரிக் என்ற பெயரைத் தவிர, அந்த மொழியில் அவருடைய வாயில் இருந்து வந்த முதல் இரண்டு சொற்கள். அந்த மேசை திருப்பிச் சொன்னதை நான் இன்னும் கேட்கிறேன். லோகோபெட் பெண்ணும் விருந்துக்கு வந்திருந்தாள். அவள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள், திருப்பிச் சொல்ல மறந்துவிட்டாள்.

“மலை... ஏறினாள்.” “மலை ஏறினாள்!” “பாட்டு... படிச்சாள்.” “பாட்டு படிச்சாள்!” “என்ரை பேச்சை... கொண்டு வந்தாள்.” இதற்கு எங்கள் ஆட்களின் குரல் உடைந்தது, நோர்வேக்காரர்தான் தூக்கி நிறுத்தினார்கள், மாப்பிள்ளை இன்னும் பொருள் சொல்லாததால். பிறகு பனி, ட்ரிக், இடிக்காதது. பிறகு தாய், கரவெட்டி. என் பெயரையும் சொல்லி, ஒரு பெருமை சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். மண்டபம் முழுக்கச் சொல்லக் கேட்டேன், அது போதும்.

அவர் இருந்ததும் விருந்தை நடத்துகிறவள் சாப்பாட்டை அறிவிக்கப் போனாள். அதற்குள் ட்ரிக் மேசையில் ஒரு பெண் கிளாஸோடு எழும்பிவிட்டாள். தான் ஒருநாளும் பிந்தியதில்லை என்று அறிவித்தாள். அவளுடைய மேசையே திருப்பிச் சொல்ல மறுத்தது. பொய் என்றார்கள். அவள் பேரம் பேசி, பனி கொட்டாத நாளில் ஒருநாளும் பிந்தியதில்லை என்று மாற்றியதும் முழங்கினார்கள். அவளுக்குப் பிறகு சம்பந்தி. அவருக்குப் பிறகு என் மருந்துக்கடைப் பெண். தன்னைப் பற்றி ஒரு நல்ல சொல்லும் வேலையிடத்தில் சொல்லாதவள், தான் சுட்ட கேக்கைப் பற்றி ஐந்து துண்டு சொன்னாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. நாவூறு என்ற நினைவு எனக்கு ஒருமுறைகூட வரவில்லை.

கடைசியில் அத்தான் எழும்பினார். பையில் இருந்த தாளை எடுக்கவில்லை.

“என்ரை தம்பி,” என்றார்.

“என்ரை தம்பி!” என்றது மண்டபம்.

அவ்வளவுதான். வாயைத் திறந்தார், மூடினார். வாழ்நாளில் முதல் தடவையாக அத்தானுக்கு அடுத்த சொல் வரவில்லை. ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. என் கணவர் தன் கதிரையில் சாய்ந்து, ஒரு தடையும் இல்லாமல் சொன்னார்.

“ஆறுதலாச் சொல்லுங்கோ அண்ணா.”

“ஆறுதலாச் சொல்லுங்கோ அண்ணா!” என்று எல்லாரும் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம்.